எந்த காலிபர் எடுப்பது? ஏர் ரைஃபிள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ".177 போதுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "இங்கே என்றால் போதும், அதற்கு மேல் சட்டமும் விடாது" என்று ஒரே வரியில் முடித்திருந்தோம். அந்த ஒரு வரி பலருக்குப் போதவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

ம.ச., குடியாத்தம்: கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பலூன் சுடும் கடையில் இருப்பதும் .177தானாம். அப்படியானால் அதில் என்ன பவர் இருக்கும்? பவர் வேண்டுமென்றால் .22தான் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

காலிபர் என்பது பேரலின் (துப்பாக்கிக் குழாயின்) உள்விட்டம், அவ்வளவுதான். .177 என்றால் 4.5 மி.மீ., .22 என்றால் 5.5, .25 என்றால் 6.35. பவர் தனிக் கணக்கு. பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக் குண்டின்) எடையைக் கிலோவில் எடுத்து, அதில் பாதியை வேகத்தின் (வினாடிக்கு எத்தனை மீட்டர்) வர்க்கத்தால் பெருக்கினால் வருவது ஜூல், அதாவது ஆற்றலின் அளவு. பலூன் கடைத் துப்பாக்கியில் ஸ்பிரிங் தளர்ந்து, பிஸ்டன் வாஷர் தேய்ந்து போயிருக்கும். அதே 4.5 மி.மீ. துளையில் நல்ல ரைஃபிள் அதைப் போலப் பல மடங்கு ஜூல் கொடுக்கும்.

ஒரே அளவு பவரை இரண்டு காலிபரிலும் வைத்துப் பாருங்கள். 16 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு ஏறக்குறைய இதுதான் உச்சவரம்பு. அந்த ஊர்க்காரர்கள் இதை 12 அடி-பவுண்டு என்பார்கள். 16 ஜூலில் 0.55 கிராம் எடையுள்ள .177 பெல்லட் வினாடிக்கு 241 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 1.03 கிராம் எடையுள்ள .22 பெல்லட் 176 மீட்டர்தான். காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமலே, 40 மீட்டர் போவதற்குள் முதலாவது பதின்மூன்றரை செ.மீ. இறங்கும், இரண்டாவது 25 செ.மீ. ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) 40 மீட்டருக்குச் சரிசெய்து வைத்துவிட்டால் இந்த இறக்கம் உங்களுக்குத் தெரியாது. தூரத்தைத் தப்பாகக் கணித்தால்தான் தெரியும். 45 மீட்டரில் இருப்பதை 40 என்று நினைத்துச் சுட்டால் .177 ஒன்றேமுக்கால் செ.மீ. கீழே படும், .22 மூன்று செ.மீ.க்கும் கீழே. முயல் தலையில் உயிர்நிலை இருக்கும் இடமே மூன்று செ.மீ. அகலம்தான். குறைந்த பவரில் வேட்டையாட அனுமதியுள்ள நாடுகளிலும் ஒரு கூட்டம் .177ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

.22க்கும் நியாயம் உண்டு. பெல்லட் கனமானது, குறுக்குக் காற்றில் கொஞ்சம் குறைவாக அலையும், துளை பெரிதாக விழும். குளிரில் மரத்த விரல்களுக்கும் வயதான கண்களுக்கும் அதை எடுத்துப் போடுவது சுலபம். ஆனால் குடியாத்தத்தில் வாங்கப் போகிற உங்களுக்கு இந்த வாதமே தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி காலிபர் 4.5 மி.மீ.ஐத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். கடைக்காரர் "இதுக்கெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று .22 ஒன்றை உறையிலிருந்து உருவினால், வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

ந.அ., ஆம்பூர்: மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மான், காட்டுப் பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறாராம். பெரிய பவர் ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறான். .25, .30, .357, .45 என்று நான்கு காலிபர் சொல்கிறார்கள். எதை எடுக்கச் சொல்வது?

முதலில் மான். டெக்சாஸ் வனவிலங்குத் துறை 2018 முதல் மான் போன்ற வேட்டை விலங்குகளுக்கு ஏர் ரைஃபிளை அனுமதிக்கிறது. நிபந்தனைகள் கறாரானவை. காலிபர் .30க்குக் குறையக்கூடாது. 150 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 800 அடி வேகத்தில் போக வேண்டும், அல்லது எடையும் வேகமும் எப்படிச் சேர்ந்தாலும் 215 அடி-பவுண்டு வர வேண்டும். நம் கணக்கில் அது சுமார் 291 ஜூல். 150 கிரெய்ன் என்பது 9.7 கிராம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். நல்ல பி.சி.பி. ரைஃபிளில் (உயர் அழுத்தக் காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்துச் சுடும் வகை) .25 காலிபர், 2.2 கிராம் பெல்லட், வினாடிக்கு 270 மீட்டர் என்றால் 80 ஜூல். அது முயலுக்கும் அணிலுக்கும். .30 பெல்லட் 2.9 கிராம், 275 மீட்டர் வேகத்தில் 110 ஜூல். காலிபர் விதியில் தேறினாலும் ஆற்றலில் தேறாது. .357இல் 5.25 கிராம் பெல்லட் போட்டால் 165 ஜூலுக்குப் பக்கம் வரும். கனமான குண்டு, அதற்கேற்ற வால்வு இரண்டும் இருந்தால்தான் 291ஐ எட்டும், அதுவும் விளிம்பில். .45தான் தாராளமாகத் தாண்டும். 16 கிராம் குண்டு 230 மீட்டர் வேகத்தில் போனாலே 420 ஜூல்.

.45க்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? பி.சி.பி.யில் சிலிண்டரில் அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. தள்ளும் விசை குண்டின் பின்பக்கப் பரப்பைப் பொறுத்தது. 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஒரு .177 பெல்லட்டின் முதுகில் விழும் விசை சுமார் 32 கிலோ எடைக்குச் சமம். .45 குண்டின் முதுகில் அதே காற்று 210 கிலோ. துளையின் விட்டம் இரண்டரை மடங்கு, பரப்போ ஆறரை மடங்கு. ஸ்பிரிங் கன்னில் இந்த லாபம் கிடைக்காது, ஏனென்றால் பிஸ்டன் ஒரு தடவை தள்ளும் காற்றின் அளவு எந்தக் காலிபர் போட்டாலும் அதே அளவுதான்.

லாபத்துக்கு ஈடாகக் காற்றுச் செலவு உண்டு. .22 பி.சி.பி. ஒரு தடவை நிரப்பினால் முப்பது நாற்பது குண்டு வரும். .45 இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஐந்து. அதுவும் முதல் குண்டுக்கும் மூன்றாம் குண்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இருக்கும். கைப்பம்பு வைத்து இதை நிரப்ப நினைப்பவர் அன்றைக்கு வேட்டைக்குப் போகமாட்டார், பம்படிப்பார். 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டரோ சொந்தக் கம்ப்ரசரோ இல்லாமல் பெரிய காலிபர் வாங்குவது வீண். ரைஃபிள் விலையைக் கேட்கும்போதே இந்த விலையையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஏர் ரைஃபிள் குண்டு எப்படிக் கொல்கிறது என்பதை உங்கள் மகன் புரிந்துகொள்ள வேண்டும். வெடிமருந்து ரைஃபிளின் அதிவேகக் குண்டு சுற்றியுள்ள சதையையும் சிதைக்கும். இது துளை மட்டும் போடும். இரத்தம் போய்த்தான் விலங்கு விழும். இந்த வகையில் அம்புக்குத்தான் நெருக்கம். ஆகவே குண்டு நுழைந்த பக்கம் மட்டும் போதாது, மறுபக்கமும் வெளியே வர வேண்டும். குறுக்காக நிற்கும் மானில் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுட வேண்டும். முகம் பார்த்து நிற்கும் மானை விட்டுவிட வேண்டும்.

பன்றி வேறு மாதிரி. அங்கே திரியும் ஃபெரல் ஹாக் (வளர்ப்பு இனத்திலிருந்து காடேறிய பன்றி) வேட்டை விலங்குப் பட்டியலில் இல்லை. மேலே சொன்ன ஜூல் விதி அதற்குப் பொருந்தாது. 2019 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இருந்தால் ஹாக் சுட வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். அதற்காக .25 போதும் என்று கிளம்பிவிடக்கூடாது. வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் குருத்தெலும்பு போலக் கெட்டியான ஒரு தட்டு இருக்கும், இலேசான பெல்லட் அதிலேயே நின்றுவிடும். பன்றியின் இதயம் மானுக்கு இருப்பதைவிட முன்னாலும் கீழேயும் இருக்கும். மானுக்குக் குறிவைக்கும் இடத்தில் பன்றிக்கு வைத்தால் குண்டு வயிற்றில் பட்டு, பன்றி புதருக்குள் ஓடிப் போய் மெல்லச் சாகும். .357 வைத்திருப்பவர்கள் காதுக்குப் பின்னால், 30–40 மீட்டருக்குள் மட்டும் சுடுவார்கள். தோள் பக்கம் சுடுவதென்றால் .45தான்.

தூரம்? .45ஐ 50 மீட்டருக்குச் சரிசெய்தால் 75 மீட்டரில் முக்கால் சாணுக்கு மேல் இறங்கிவிடும். தூரம் அளக்கும் கருவி இல்லாமல் 50 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

கடைசியாக, பலரும் விழும் ஒரு குழி. ".45" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எல்லா .45 பேரலும் ஒன்றல்ல. ஒன்று .452 குண்டு கேட்கும், இன்னொன்று .457 அல்லது .458 கேட்கும். பேரலை விடச் சின்னக் குண்டு போட்டால் காற்று பக்கவாட்டில் கசியும், குண்டு சுழற்சி பிடிக்காது, 50 மீட்டரில் தட்டு அகலத்துக்குச் சிதறும். பெரிய குண்டு நுழையவே நுழையாது. ரைஃபிள் வாங்கும்போதே எந்த அளவுக் குண்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

எங்கள் தீர்ப்பு: மானும் பன்றியும் என்றால் .45. பண்ணையில் முயல், அணில் மட்டும் என்றால் .25. நடுவில் உள்ள .30, .357 இரண்டும் ஏற்கெனவே ஒரு ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கானவை. மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடிக்க வேண்டும். உங்கள் மகனின் வயதைப் பார்த்தால் வகுப்பு தப்பாது.

"காத்து அடைச்ச துப்பாக்கியில மானா?" என்று ஆம்பூரில் யாராவது சிரித்தால், 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படையில் ஜிரார்டோனி ஏர் ரைஃபிள் இருந்தது, காலிபர் ஏறக்குறைய .46 என்று சொல்லுங்கள். 1804இல் அமெரிக்காவின் மேற்கை அளக்கப் போன லூயிஸும் கிளார்க்கும் கையோடு ஓர் ஏர் ரைஃபிள் கொண்டுபோனார்கள்.

கோ.வெ., ஒடுகத்தூர்: மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வேர்க்கடலை. பன்றி கூட்டமாக வந்து ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிறது. மேலே சொன்ன பெரிய காலிபர் துப்பாக்கி ஒன்று இங்கே வாங்கிக்கொண்டால் என்ன?

வேண்டாம். உங்கள் நஷ்டம் உண்மை, ஆனால் இது வழியல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பன்றி, முயல், பச்சைக்கிளி எல்லாமே பட்டியலில் உள்ளவை. மயில் முதல் அட்டவணையில். உங்கள் சொந்த நிலத்தில், உங்கள் பயிரைத் தின்னும்போது சுட்டாலும் அது வேட்டைதான். கண்ணி வைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. அதோடு லைசென்ஸ் இல்லாத .30, .45 உங்கள் கையில் இருந்தால் ஆயுதச் சட்டத்தில் இன்னொரு வழக்கு.

லைசென்ஸ் வேண்டாத .177ஆல் பன்றியைச் சுட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்களுக்கும் சொல்லிவிடுவோம். பெல்லட் கொழுப்பில் நிற்கும், புண் சீழ் வைக்கும், வலியில் இருக்கும் பன்றி மறுநாள் களை எடுக்க வரும் பெண்கள்மேல் பாயும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டிருக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர், விவசாயி அல்ல. உங்கள் நிலம் மலையடிவாரம் என்பதால் முதலில் காப்புக்காட்டு எல்லைக்கல்லிலிருந்து தூரம் என்ன என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு, புல எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சேதமான பயிரை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். உழுதுவிட்டால் சான்று போய்விடும். அவுட்டுக்காய் (இரைக்குள் வைக்கும் நாட்டு வெடி), திருட்டு மின்வேலி இரண்டையும் நினைத்தும் பார்க்காதீர்கள். பன்றிக்கு வைத்ததில் மாடும் மனிதனும் செத்த கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஜே.ரா., வாலாஜாப்பேட்டை: என் .177 ரைஃபிளுக்கு .22 பேரல் மாற்றித் தருவதாக லேத் பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றலாமா?

கூடாது. மாற்றிய நிமிடமே அது லைசென்ஸ் வகைக்குப் போய்விடும். மாற்றியவரும் சேர்த்து மாட்டுவார்.

த.பி., காட்பாடி: வாங்கிய ரைஃபிள் பெட்டியில் 1000 எஃப்.பி.எஸ். என்று போட்டிருக்கிறது. இது 20 ஜூலைத் தாண்டுமா? வேகம் அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

வினாடிக்கு 1000 அடி என்பது 305 மீட்டர். எந்தப் பெல்லட்டில் அந்த வேகம் என்று பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் இருப்பதிலேயே இலேசான பெல்லட்டில் அளந்திருப்பார்கள். 0.45 கிராம் பெல்லட் உண்மையிலேயே 305 மீட்டரில் போனால் 20.9 ஜூல், வரம்பைத் தாண்டிவிட்டது. 0.55 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்பது வினாடிக்கு 270 மீட்டர் அளவில். இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாமல் அளக்கச் செல்பேசி போதும். துப்பாக்கி வாயிலிருந்து சரியாக 10 மீட்டரில், டேப் வைத்து அளந்து, ஒரு பிஸ்கட் டின்னைத் துணி அடைத்து வையுங்கள். அதற்குப் பின்னால் மணல் மூட்டை. செல்பேசியைத் துப்பாக்கி வாய்க்கு அருகே வைத்து ஒலிப்பதிவு போட்டுச் சுடுங்கள். பதிவைக் கணினியில் அலைவடிவமாகத் திறந்தால் இரண்டு முள் தெரியும்: ஒன்று துப்பாக்கிச் சத்தம், ஒன்று டின் சத்தம். இடைப்பட்ட நேரம் 70 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். டின் சத்தம் 10 மீட்டர் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். 34 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 351 மீட்டர், ஆகவே 28.5 மில்லி வினாடி. மீதி 41.5. பத்து மீட்டரை 0.0415ஆல் வகுத்தால் 241 மீட்டர். 0.55 கிராம் பெல்லட் என்றால் 16 ஜூல்.

நேரத்தை முள்ளின் தொடக்கத்திலிருந்து அளங்கள், உச்சியிலிருந்து அல்ல. ஒரு மில்லி வினாடி தவறினால் வேகத்தில் இரண்டரை சதவீதம், ஜூலில் ஐந்து சதவீதம் தவறும். பத்துக் குண்டு சுட்டுச் சராசரி எடுங்கள். கிடைப்பது பத்து மீட்டருக்கான சராசரி வேகம். வாயிலிருந்து கிளம்பும் வேகம் இதைவிட இரண்டு மூன்று சதவீதம் கூட. அதனால் கணக்கில் 19 ஜூல் வந்தாலே உஷாராகிவிடுங்கள்.

இன்னொன்று. 300 மீட்டருக்கு மேல் வேகம் போய் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, இடுப்பு ஒடுங்கிய சாதாரணப் பெல்லட் ஆட ஆரம்பிக்கும். 240 முதல் 280 மீட்டருக்குள்தான் அது நேராகப் போகும். பெட்டியில் போட்ட 1000ஐ நம்பி இலேசான பெல்லட் வாங்குபவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கூடுதல்.

வே.த., ராணிப்பேட்டை: வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் பி.சி.பி. ரைஃபிளுக்குக் காற்று நிரப்ப இடம் கிடைக்கவில்லையாம். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா? பஞ்சர் கடை கம்ப்ரசர் ஆகாதா?

ஆக்சிஜன் ஒருகாலும் கூடாது. உடனே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ரைஃபிளின் வால்விலும் ஓ-ரிங்கிலும் கிரீஸ் இருக்கும். உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டதும் கிரீஸ் தானாகவே பற்றிக்கொள்ளும், சிலிண்டர் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். நிரப்பக்கூடியது ஈரமில்லாத காற்று அல்லது நைட்ரஜன் மட்டும். ஆழ்கடல் நீச்சல் சிலிண்டர்கள் நிரப்பும் கடையில் கேட்கச் சொல்லுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் ஆபத்தில்லை, பயனும் இல்லை: அது பத்துப் பார், ரைஃபிளுக்கு வேண்டியது 200 முதல் 300.

சு.இ., ஆரணி: அரிசி ஆலை கோடவுனில் பெருச்சாளி தாங்கவில்லை. .177 கன் வைத்துச் சுடலாமா? எந்தப் பெல்லட்?

எலியும் பெருச்சாளியும் வனவிலங்குப் பட்டியலில் இல்லை. பத்து மீட்டரில், தட்டை முனைப் பெல்லட்டில், ஸ்பிரிங் கன்னின் பவர் தாராளம். ஆனாலும் ஆலைக்குள் வேண்டாம் என்றே சொல்வோம். பெல்லட் முழுக்க ஈயம். எலியைத் தவறவிட்ட ஒவ்வொரு பெல்லட்டும் ஏதாவது ஒரு மூட்டைக்குள் போய் உட்காரும், தூணில் பட்டால் துணுக்காகச் சிதறும். அந்த நெல் அரைபட்டு ஒரு வீட்டுக் குழந்தையின் தட்டுக்குத்தானே போகிறது? கனமான ஸ்பிரிங் எலிப்பொறி பன்னிரண்டு வாங்கி, சுவர் ஓரமாக, வாய்ப்பக்கம் சுவரைப் பார்த்து வையுங்கள். முதல் மூன்று நாள் பொறியை இழுத்து வைக்காமல் கருவாடு மட்டும் வையுங்கள். நான்காம் நாள் இழுத்து வையுங்கள். பெருச்சாளி புதுப் பொருளைக் கண்டு பயப்படும், பழகினதும் பயம் போய்விடும்.

ப.மோ., சத்துவாச்சாரி: புது ஸ்பிரிங் கன். 20 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டால் உள்ளங்கை அளவுக்குச் சிதறுகிறது. காலிபர் சின்னது என்பதாலா?

காலிபருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல .177 அந்தத் தூரத்தில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் வைக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஸ்டாக்கின் (பிடிக்கட்டையின்) திருகுகள். ஸ்பிரிங் கன்னின் உதை முன்னும் பின்னும் வரும்; ஐம்பது குண்டில் திருகு தளர்ந்துவிடும். அடுத்து ஸ்கோப் மவுண்ட் (ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் கவ்வி). அது பின்னால் நகர்ந்திருந்தால் ரைஃபிள்மேல் அதைப் பொருத்தும் காடியில் தேய்ந்த கோடு பளபளப்பாகத் தெரியும். தடுப்பு ஆணி உள்ள மவுண்ட் மாற்றுங்கள்.

பிறகு பிடி. புதிதாகச் சுடுபவர்கள் எல்லோரும் ரைஃபிளை இறுக்கி அமுக்குவார்கள். இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். இடது உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து, ரைஃபிளை அதன்மேல் சும்மா படுக்க வையுங்கள். தோளில் இலேசாகத் தொட்டால் போதும். பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள் ரைஃபிள் நகர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நகர விட்டால்தான் ஒரே இடத்தில் படும். மூட்டைமேல் பேரலைச் சாய்த்துச் சுட்டால் அதுவே சிதறும்.

பெல்லட்டையும் பாருங்கள். பின்பக்கப் பாவாடை (விரிந்த அடிப்பகுதி) டின்னுக்குள் குலுங்கி நசுங்கியிருக்கும். கண்ணாடிமேல் உருட்டினால் நல்லது வட்டமாக உருளும், நசுங்கியது தத்தும். தலை அளவு 4.50, 4.51, 4.52 என்று தனித்தனியாக விற்கிறார்கள். விரலால் தள்ளும்போது இலேசாகத் தடை கொடுத்து உட்கார வேண்டும். நான்கைந்து ரகம் வாங்கி ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்து, குண்டுகள் நெருக்கமாகப் படும் ரகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுடும்போது புகை வந்து "பட்" என்று காதடைத்தால் உள்ளே எண்ணெய் அதிகம்; அது பிஸ்டன் முன்னால் தீப்பிடித்து எரிகிறது. வாஷர் கருகுவதற்குமுன் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பெல்லட்டை வாயில் அடக்கிக்கொண்டு சுடும் பழக்கம் இந்தப் பக்கத்தில் பலருக்கு உண்டு. ஈயம், துப்பிவிடுங்கள், கை கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம். கருங்கல் கிணற்றுச் சுவர், பாறை, பனைமரம் இவற்றின்மேல் எந்தக் காலிபரும் சுடக்கூடாது. பெல்லட் திரும்பி வரும். ஷூ கம்பெனிகளில் கிடைக்கும் தோல் வெட்டுத் துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் ஒரு முழ ஆழத்துக்கு இறுக்கித் திணித்து, பின்னால் இரும்புத் தகடு வைத்தால் நல்ல தடுப்பு கிடைக்கும்.

உ.ச., திருப்பத்தூர்: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். எந்த காலிபர்?

போட்டி 10 மீட்டர் என்றால் உலகம் முழுக்க 4.5 மி.மீ. மட்டும்தான். தட்டை முனைப் பெல்லட், ஏழெட்டு ஜூல், நடுப்புள்ளியின் விட்டம் அரை மி.மீ. பெய்ஜிங்கில் 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே பிரிவில். வேட்டை ரைஃபிள் வாங்கிப் பழக்காதீர்கள். எடை, ட்ரிகர், பிடி எல்லாமே வேறு. முதல் ஆறு மாதம் கிளப் ரைஃபிளே போதும்.

எ.க., வேலூர்: உறவினர் பி.சி.பி.யை 300 பாருக்கு நிரப்பிக் காரில் வைத்திருப்பார். நம் வெயிலூரில் அப்படி வைத்தால்?

30 டிகிரியில் 300 பாருக்கு நிரப்பிய சிலிண்டர், மே மாதத்தில் மூடிய காருக்குள் 60 டிகிரி ஏறினால் 330 பார் ஆகிவிடும். வெயில் காலத்தில் 270க்கு மேல் நிரப்ப வேண்டாம். காரில் விட்டுப் போகவும் வேண்டாம். பெல்லட் ஏற்றிய நிலையில் எந்த மாதமும் கூடாது.